சட்டமன்றம் போனவரும் எங்கள் அண்ணனும்

எங்கள் பகுதியிலிருந்து பல தவணை சட்டமன்றத்துக்குப் போய்வந்த ஒருவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன் நான். ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்தேன், பிள்ளைகளை ஆளாக்கினேன், கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்டேன். அரசியல் எனக்குத் தெரியாது. அவர் காலமானபோது மண்டபத்தில் பேசியவர்கள் அவர் போட்ட சாலையையும், கொண்டுவந்த தண்ணீர்க் குழாயையும், மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரில் அதிகாரிகளை விடாமல் துரத்தியதையும் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் அரசியல் எங்கே தொடங்கியது என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பவன் நான்தான் என்று நினைக்கிறேன். மாரியாத்தாளை மனதில் வைத்துக்கொண்டு, நினைவிருக்கிறபடி எழுதுகிறேன்.

அது ஜப்பான்காரன் காலம். மலாயாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்குக் கிழக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயம், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடு, இருந்தது. வெள்ளைக்கார துரை ஓடிப்போன பிறகு பால் வெட்டு முக்கால்வாசி நின்றுவிட்டது. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டோம். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கின் இலை, ராத்திரி மறுபடியும் கிழங்கு. கட்டத் துணி இல்லாமல் பெண்கள் சாக்கைப் பிரித்துத் தைத்து உடுத்தினார்கள். கோயிலில் கற்பூரம் கிடையாது. பூசாரி காய்ந்த தேங்காய்த் துண்டைக் கொளுத்தித்தான் ஆத்தாவுக்குக் காட்டுவார். அந்த வாசம் இப்போது எங்கே வந்தாலும் எனக்கு அந்தக் கோயில்தான் ஞாபகம் வரும்.

எங்கள் அப்பா சண்டைக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, நான். அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்த வயது.

பிற்பாடு சட்டமன்றம் போனவர் எங்கள் அடுத்த கதவு. பால் கொட்டகையில் பாலை நிறுத்துக் கணக்குப் போடுகிற வேலை பார்த்தவர். மலாய் நன்றாகப் பேசுவார், ஆங்கிலமும் கொஞ்சம் வரும். அவருக்கும் அப்பா இல்லை. அம்மாவும் அவரும் மட்டும்தான். கல்யாணம் ஆகவில்லை. அண்ணனும் அவரும் ஒரே வயது, ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டலாம் என்று லயத்தில் கேலி செய்வார்கள். எங்கள் அம்மாவும் அவர் அம்மாவும் ஒரே ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர்கள்.

இப்போது தாய்லாந்து என்கிற சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் கேட்டான். முதல் தடவை கல்யாணம் ஆகாத பையன்கள் சிலர் தாங்களாகவே போனார்கள். அங்கே அரிசிச் சோறு, மூன்றே மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். போனவர்களில் ஒருவரும் வரவில்லை, ஒரு சேதியும் இல்லை. அடுத்த தடவை லாரிச் சத்தம் கேட்டதும் ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஓடாமல் கிடந்தவர்களை, நோயாளி என்றும் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போனான். மூன்றாம் தடவை உத்தரவு வேறு மாதிரி வந்தது. லயத்துக்கு ஓர் ஆள் வந்து நிற்க வேண்டும், ஓடினால் லயத்தையே கொளுத்துவோம் என்றான்.

எங்கள் லயத்தில் அப்போது நடமாடக்கூடிய ஆண்கள் இரண்டே பேர்தான். எங்கள் அண்ணன், அடுத்த கதவுக்காரர். மற்றவர்கள் கிழவர்கள், அல்லது முன்பே போனவர்கள். என்னையும் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் நான் எலும்பும் தோலுமாகக் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தேன்.

கங்காணி எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். கெட்டவர் இல்லை, பயந்தவர். உள்ளே வரவில்லை, உட்காரவும் இல்லை.

"நான் ஒரு பேரைச் சொன்னா அந்தப் பாவம் என் புள்ளைங்க தலையில வந்து விடியும். நீங்க ரெண்டு பேரும் பேசி, சனிக்கிழமை காலையில ஒரு ஆளா வந்து நில்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் பேச்சுதான். எங்கள் அண்ணன் நான் போகிறேன் என்பார், அவர் நான் போகிறேன் என்பார். இரண்டு அம்மாக்களும் விடமாட்டார்கள். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை, உங்கள் வீட்டில் இரண்டு ஆம்பளை இருக்கிறதே என்று அவர் அம்மா அழுதார். தாலி கட்டி ஒரு வருஷம் ஆகாத பெண்ணை நான் எப்படி வைத்துக் காப்பாற்றுவேன், உன் பிள்ளை தனிக்கட்டைதானே என்று எங்கள் அம்மா அழுதார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் முடியவில்லை. கடைசியில் இருவரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஆட்டுக்கல் சும்மா கிடந்தது, ஆட்டுவதற்கும் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் குழாயடியில் அடுத்த கதவுக்காரர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நாம பேசித் தீராது மாப்ளே. ஆத்தாகிட்டப் பூப்போட்டுக் கேட்டுருவோம். அவ சொல்லிட்டா நம்ம அம்மாங்க ரெண்டு பேரும் வாயத் தெறக்க மாட்டாங்க."

அண்ணன் உடனே சரி என்றார். கேள்விப்பட்ட எல்லாரும் சரி என்றார்கள். இதை இன்றைக்குப் படிக்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். எங்களுக்கு அது ஆச்சரியமே இல்லை. பெண் கொடுக்கலாமா, கிணறு எந்த இடத்தில் தோண்டலாம், ஊருக்குக் கப்பலேறலாமா இங்கேயே இருக்கலாமா, எல்லாவற்றுக்கும் நாங்கள் பூப்போட்டுத்தான் கேட்போம். சிவப்புப் பூ ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்து, நாரால் கட்டி, ஆத்தா காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். எந்தப் பூ வருகிறதோ அதுதான் ஆத்தா வாக்கு. அதற்குமேல் பேச்சு கிடையாது.

எனக்கு அன்று மனசு லேசானது. எல்லாருக்குமே லேசானது. கங்காணிகூட அன்று சாயங்காலம் லயத்துப் பக்கம் தைரியமாக நடந்து வந்தார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் கூடினோம். அண்ணி வரவில்லை. அவருக்கு அது கோயிலுக்கு வரக்கூடாத நாள். வீட்டுக்குப் பின்பக்கச் சார்ப்பில் ஒதுங்கியிருந்தார். அதை ஒரு குறையாக அப்போது யாரும் நினைக்கவில்லை, நாளைத் தள்ளிப் போடலாம் என்றும் தோன்றவில்லை. செவ்வரளி எங்கள் வீடு, நந்தியாவட்டை அவர் வீடு என்று பூசாரி சத்தமாகச் சொன்னார். எடுக்கிற பூ எந்த வீடோ அந்த வீட்டு ஆள் சயாமுக்குப் போக வேண்டியது. தேங்காய்த் துண்டு புகைந்தது. பூசாரியின் சின்ன மகள், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த குழந்தை, ஓடிப்போய் ஒன்றை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, எங்கே பொரி என்று கேட்டது. பொரி எங்கே இருந்தது கொடுக்க.

பூசாரி நாரை அவிழ்த்தார். செவ்வரளி.

அண்ணன் கும்பிட்டு அதை வாங்கிக் காதில் செருகிக்கொண்டார். எங்கள் அம்மா சத்தம் போடவில்லை. ஆத்தா வாக்குக்கு எதிராக எப்படி அழுவது. அவர் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அது நிம்மதியில் வந்த அழுகை, எங்கள் அம்மா பார்த்துவிடக் கூடாதென்றுதான் மூடிக்கொண்டார். அவரோ ஆத்தா முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அண்ணன்தான் குனிந்து அவர் தோளைப் பிடித்து எழுப்பினார்.

மறுநாள் காலை லாரி வந்தது. அண்ணனின் மூட்டையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். மூட்டையை ஏற்றியவர், தானும் லாரியில் ஏறிவிட்டார். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், இவனை இறக்கிவிடுங்கள் என்று கங்காணியிடம் சொன்னார். ஆத்தா சொன்னதை மாற்றினால் லயத்துக்கே ஆகாது என்று கங்காணி கையைப் பிடித்து இழுத்தார். லாரிமேல் இருந்த சிப்பாய் ஒன்றும் புரியாமல் கத்தினான்.

அண்ணன் சிரித்தார். "எறங்குடா மாப்ளே. அங்க ஒரு ஆளுக்குத்தான் சோறு ஆக்கிவச்சிருப்பான். நீ தின்னா எனக்கு மிஞ்சாது."

அவர் இறங்கினார். அண்ணி வீட்டுக்குப் பின்னாலிருந்து முன்வாசலுக்கு வந்து, யாரும் தொட்டுவிடாத தூரத்தில் நின்று பார்த்தார். 

அவருடைய அரசியல் அந்தச் சனிக்கிழமையில் தொடங்கியது என்று நான் சொன்னால் கட்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கணக்குப்படி சுதந்திரத்துக்குப் பிறகு, மாலை போட்டு மேடையேறிய நாளில்தான் அது தொடங்கியது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். அண்ணன் போன பிறகு அவர் வீட்டில் தங்கவே மாட்டார். எங்கள் தோட்டத்தில் மட்டுமல்ல, சுற்றுத் தோட்டங்களிலும் ஆண்கள் போய்விட்ட வீடுகள் நிறைய இருந்தன. அந்த வீடுகளுக்கு அரிசி தருவதாக ஜப்பான்காரன் சொல்லியிருந்தான், தரவில்லை. இவர் நடந்தே சுங்கைப் பட்டாணிக்குப் போவார். அங்கே அவர்களுடைய ஆபீசு வாசலில் இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, ஜப்பான் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு, அரிசி கேட்டு நிற்பார். ஒருநாள் கும்பிடு போதாது என்று அறைந்தான். வீங்கிய கன்னத்தோடு வந்தவர் மறுவாரமும் போனார். சில தடவை புழுத்த அரிசி கால் மூட்டை கிடைக்கும். பல தடவை ஒன்றும் கிடைக்காது.

லயத்தில் எல்லாரும் அவரை வாழ்த்தவில்லை. எங்கள் வரிசையில் இருந்த ஒரு அக்கா, புருஷனைச் சயாமுக்கு அனுப்பியவர், அரிசியை முந்தானையில் வாங்கிக்கொண்டே, "ஒனக்குப் பூவும் விழல, சயாமும் இல்ல. அதான் நடந்து நடந்து தேயுற" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

எங்கள் வீட்டுப் பங்கை அவர் வாசலில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். அண்ணி வந்து எடுத்துக்கொள்வார். பேசமாட்டார். தங்கச்சி என்று அவர் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். ஏன் இப்படி இருக்கிறீர்கள், அவர் என்ன செய்வார், ஆத்தா சொன்னதுதானே என்று நான் அண்ணியிடம் ஒருதடவை கேட்டேன். அண்ணி அரிசியைப் புடைக்க முறத்தை எடுத்துக்கொண்டார்.

அதற்கிடையில் எங்கள் கெடாவையே ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டான் என்று சேதி வந்தது. சயாம்காரப் போலீசை டவுனில் பார்த்ததாகச் சொன்னார்கள். எங்கள் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "எம்புள்ள சயாமுக்குப் போனான். இப்பச் சயாமே நம்ம வாசலுக்கு வந்துருச்சு. அவனத்தான் காணோம்" என்றார். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது. அம்மாவும் சிரித்தார். பிறகு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

சண்டை முடிந்தது. வடக்கேயிருந்து வருகிற ரயில்களில் சயாம் போனவர்கள் திரும்ப வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவரும் நானும் சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனுக்குப் போனோம். அப்புறம் ரயில் வருகிறது என்று கேட்டபோதெல்லாம் போனோம். இறங்கினவர்கள் ஆட்களாக இல்லை. காலில் புண், கண்ணில் வெறிப்பு, ஒட்டிய வயிறு. அவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய், எந்தத் தோட்டம்ண்ணே, எந்தக் காம்பில், எந்த முகாமில் இருந்தீர்கள் என்று கேட்பார். எங்கள் அண்ணனைப் பற்றி மட்டுமல்ல, அந்த வீடுகளில் காணாமற்போன எல்லாரைப் பற்றியும் கேட்பார். எல்லாப் பெயரும் அவருக்கு மனப்பாடம். அந்தப் பெயர்க்காரர் யாரையாவது கண்டுவிட்டால் கைத்தாங்கலாகப் பிடித்து, மாட்டுவண்டியோ சைக்கிளோ தேடி வீட்டுக்கு அனுப்புவார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களை அங்கே கொண்டுபோய் விடுவார். பிற்காலத்தில் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப்பேர் அந்த ஸ்டேஷனில் அவர் தோளைப் பிடித்து இறங்கியவர்கள், அல்லது அவர்கள் வீட்டுக்காரர்கள்.

கரங்கான் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர்தான் கடைசியில் சொன்னார். அவரும் அண்ணன் இருந்த அதே காம்பில் இருந்தவர். மழைக்காலத்தில் காலரா வந்தது. அண்ணன் மற்றவர்களுக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார், பிறகு அவருக்கும் வந்தது, ஒரே நாள்தான் என்றார். 

வழியெல்லாம் நான் அழுதுகொண்டு வந்தேன். வீட்டில் நான் சொல்கிறேன் என்றேன். அடுத்த கதவுக்காரர் விடவில்லை. தான்தான் சொல்ல வேண்டும் என்றார்.

பொழுது சாய்கிற நேரம். அம்மா விறகு பொறுக்கப் போயிருந்தார். அண்ணி வாசலில் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. சேதி இல்லாத வரைக்கும் எந்தப் பெண்ணும் பொட்டை அழிக்கமாட்டாள் அல்லவா. அவர் நின்றுகொண்டே, சுற்றி வளைக்காமல் சொன்னார். அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். அண்ணன் போன பிறகு முதல்முறையாக அவரைப் பார்த்துப் பேசினார்.

"யாரு போறதுன்னு ஆத்தாகிட்டக் கேட்டீங்க. அவ சொன்னா. போகணுமா வேணாமான்னு ஏன்ணே ஒருத்தரும் கேக்கல? அந்தப் பூவ ஏன் போடல?"

 எனக்கும் அந்தக் கேள்வி அதுவரை வந்ததே இல்லை. எத்தனை வெள்ளிக்கிழமை கோயிலைக் கூட்டிப் பெருக்கியிருக்கிறேன், விளக்கேற்றியிருக்கிறேன். ஒருநாளும் வரவில்லை. ஜப்பான்காரன் ஓர் ஆள் என்றான், நாங்களும் ஓர் ஆள் என்று எடுத்துக்கொண்டோம். அந்த ஓர் ஆளை நாங்களே பொறுக்கி எடுத்து, அம்மன் கையால் கொடுத்துவிட்டோம். ஆத்தா தப்பாகச் சொன்னாள் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. கேட்டதற்கு அவள் பதில் சொன்னாள். நாங்கள் கேட்டது அப்படி.

அதற்குப் பிறகு எங்கள் கோயிலில் கல்யாணத்துக்குக்கூட யாரும் பூப்போட்டுப் பார்ப்பதில்லை. யாரும் தடை போடவில்லை. தானாக நின்றுவிட்டது.

மற்றதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. சங்கம், கட்சி, தேர்தல், சட்டமன்றம். அவர் போன தவணைகளில் எல்லாம் ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனித்து வந்தேன். இரண்டு தோட்டத்துக்கு நடுவில் ஒரு குழாய் என்று சர்க்கார் கொடுத்தால் அவர் வாங்கமாட்டார். எந்தத் தோட்டத்துக்கு என்று நீங்களே சொல்லுங்கள் ஒய்பி என்று, சட்டமன்ற உறுப்பினருக்குரிய மரியாதையோடு, அதிகாரி கேட்டால், இரண்டுக்கும் என்பார். அது கிடைக்கிற வரைக்கும் அலோர் ஸ்டாருக்கு நடையாய் நடப்பார். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு உதவிச் சம்பளம் என்றால், பெயரைப் பொறுக்குவது என் வேலை இல்லை, எல்லாருக்கும் வாங்கித் தருவதுதான் என் வேலை என்பார். சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாமே என்று யாராவது சொன்னால் முகம் மாறிவிடும். நிறையத் தடவை ஜெயித்தார். ஒரு மரத்தைக் கொடுத்தால் தோட்டத்தையே கேட்பார் என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஊர் முழுக்கக் கைதட்டுகிற மனிதர், அண்ணி போன கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். கிளம்பும்போது என்னிடம் மெதுவாக, "தங்கச்சி ஏதாச்சும் சொல்லுச்சா தம்பி?" என்று கேட்பார். ஒன்றும் சொல்லவில்லை அண்ணே என்பேன். அவருக்கு வேண்டியது ஓட்டு இல்லை. நீ செய்வது சரி என்று அண்ணி ஒருதடவை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அது எனக்குத் தெரிந்தும், அண்ணியிடம் போய்ச் சொல்லச் சொல்லி வாங்கித் தர முடியவில்லை. அப்படி வாங்குகிற வார்த்தையா அது.

அவருடைய கடைசித் தவணையில் எங்கள் தோட்டம் கைமாறியது. புது முதலாளி மரங்களை அழித்து வீட்டு மனை போடப்போவதாகச் சொன்னார். லயத்தில் இருந்த குடும்பங்களில் பாதிப்பேருக்கு ஓரத்தில் மலிவு வீடு கட்டித் தருகிறோம், யார் யாருக்கு என்று நீங்களே பொறுக்கிக் கொடுங்கள் என்று அவரைக் கேட்டார்கள். லயத்துக்காரர்களே வந்து கெஞ்சினார்கள். பாதியையாவது வாங்குங்கள், யாருக்கு என்று நாங்கள் கோயிலில் வைத்துப் பேசிக்கொள்கிறோம் என்றார்கள். கோயில் என்ற பேச்சைக் கேட்டதும் அவர் எழுந்துவிட்டார். எல்லாருக்கும் வேண்டும், இல்லாவிட்டால் ஒருவருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் முதலாளி சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஒருவருக்கும் இல்லை. லயத்தை இடித்தார்கள். குடும்பங்கள் டவுன் ஓரத்தில் பலகை வீடுகளிலும், பண்டார் பாரு பக்கம் சொந்தக்காரர் வீடுகளிலும் சிதறிப் போயின. நாங்கள் பிள்ளை வீட்டுக்குக் குடிபோனோம், அண்ணியும் எங்களோடு வந்தார். அடுத்த தேர்தலில் அவருக்குக் கட்சி இடம் கொடுக்கவில்லை.

சில மாதம் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காரில்லை, பஸ்ஸில் வந்தார். சட்டை நனைந்திருந்தது. அண்ணிக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்தவர் அன்று உள்ளே போகவில்லை, கதவருகே நின்றார். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் அண்ணியையே பார்த்துப் பேசினார்.

"நீ அன்னைக்குச் சொன்னதத்தான் இத்தன வருஷமாச் செஞ்சேன் தங்கச்சி. ஆளப் பொறுக்கிக் குடுக்க மாட்டேன்னு நின்னேன். இப்ப ஒரு வீடும் இல்லாமப் போச்சு. நான் செஞ்சது சரியா?"

இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவர் நேராகவே கேட்டுவிட்டார். சரி என்று அண்ணி சொல்லிவிட மாட்டாரா என்று நான் மனதுக்குள் ஆத்தாளை வேண்டிக்கொண்டேன்.

அண்ணி அவரை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. குரலில் இரக்கம்தான் இருந்தது.

"வாங்கியிருக்கலாம்ண்ணே" என்றார். "அது உசுரு. அவன் கொண்டுபோக வந்தான், நாம ஆளெடுத்துக் குடுத்தோம். இது வீடு. குடுக்க வந்தான். பாதிய வாங்கி வச்சுக்கிட்டு மிச்சத்துக்குச் சண்ட போட வேண்டியதுதானே. ரெண்டும் ஒண்ணா?"

 வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அண்ணி உள்ளே போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தார். அண்ணன் போன பிறகு அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.  மறுசோறு வேண்டுமா அண்ணே என்று அண்ணி கேட்டார். போதும்மா என்றார்.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூட நடந்தேன். வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், இடிபட்ட லயத்துக்காரர்களில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவரை நில ஆபீசு வாசலில் பார்த்ததாகப் பலரும் சொன்னார்கள். பலகை வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, மற்றவர்களைப் போல வரிசையில் நிற்பாராம். ஒய்பி என்று இப்போது யாரும் எழுந்திருப்பதில்லை. மறுவாரம் வாருங்கள் என்றால் மறுவாரம் போவாராம். அப்படி ஒவ்வொரு குடும்பமாக, கிடைக்கிறபோது கிடைக்கட்டும் என்று, சிலருக்கு அவரால் வீடு வாங்கித் தர முடிந்தது. மீதிப் பேருக்கு வாங்கும் முன்னால் அவர் ஆயுள் முடிந்துவிட்டது.